நாலு வீதத்திலை நிக்குது

— வீடியோ இன்னும் நூற்றுக்கு நாலு வீதத்திலைதானே நிக்குது, சுலோ. உது சரிவராது. மூடிப்போட்டு எழும்பும்.

— நிக்கேல்லை, போகுது. நீங்கள் கேற்றடியிலை நிண்டு றோட்டைப் பாருங்கோ. பொறுங்கோ எண்டாப் பொறுக்கோணும்.

— காலமை ஒன்பது மணியிலையிருந்து பொறுக்கிறன். அவங்கள் மண் அள்ளுற ரெண்டு நிமிஷ வீடியோ. அதுக்கிடையிலை டிப்பர் மூண்டு தரம் மண் ஏத்திக்கொண்டு போட்டுது. பள்ளிக்கூடத்திலை நீர் பிள்ளையளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கேக்கை உடனை உடனை வருதெல்லே?

— அது வேறை. இந்த லப்டொப் பேப்பரிலை எழுதிற கஜனி தந்தது. இதுக்கை ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு அறை. வீடியோ ஒரு அறை, பிரவுசர் இன்னொரு அறை. ஒரு அறைக்கை கள்ளன் பூந்தாலும் மற்றதுக்கை வர ஏலாது. அனுப்புறதும் நேரை போகாது, மூண்டு நாடு சுத்தித்தான் போகும். அதுதான் ஆறுதலாப் போகுது.

— சுத்தட்டும், சுத்தட்டும். அதுக்கிடையிலை சஞ்சீவன் வந்திடுவான்.

— அவன்ரை பேரைச் சத்தமாச் சொல்லாதேங்கோ.

— ஏன்? ஊருக்கே தெரியும். மண் அள்ளுறவனும் அவன், கோயில் திருவிழாவுக்குத் தன்ரை காசிலை மேளம் பிடிக்கிறவனும் அவன். என்னைக் கண்டாச் சைக்கிளை விட்டு இறங்கித்தான் கதைப்பான்.

— அரியநாயகண்ணையோடையும் அப்பிடித்தான் கதைச்சவன். அவர் கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிட்டை மண் அள்ளுறதைப் பற்றி முறைப்பாடு குடுத்ததுக்கு அடுத்த நாள், 'வீட்டிலை நிக்கிறியளோ அண்ணை' எண்டு மரியாதையாக் கோல் எடுத்தவன். பின்னேரம் மோட்டச்சைக்கிள் எரிஞ்சது. மனிசன் இண்டைக்கும் வெந்த கையை மடக்க ஏலாமல் திரியுது.

— எனக்குப் பயமாக் கிடக்கு, சுலோ.

— எனக்கு மட்டும் இல்லையே? ஆனா மணல் போனா நல்ல தண்ணியும் போயிடும். எங்கட கிணறு உப்பாகினாப் பேந்து இந்த வளவிலை என்ன செய்யிறது?

— அது எனக்கும் தெரியும். இல்லாட்டி ஏன் எடுத்தனான்? இப்ப எத்தினை?

— முப்பத்தொண்டு. பொறுங்கோ... ஐயோ.

— என்ன?

— பிரவுசர் இறுகிப்போச்சு. காத்திருக்கவோ, நிப்பாட்டவோ எண்டு கேக்குது.

— நிப்பாட்டும். சரிவராது.

— நிப்பாட்டினாத் திரும்ப முதலிலையிருந்துதான். பன்ரண்டு மணிக்குள்ளை கிடைச்சாத்தான் நாளைக்குப் பேப்பரிலை வரும். நான் காத்திருக்கப்போறன்.

— மோட்டச்சைக்கிள் ஒண்டு வருது.

— ஆர்?

— ஹெல்மெட் போட்டிருக்கு, தெரியேல்லை. லப்டொப்பைத் துவாயாலை மூடும்.

— மூடிப்போட்டன். நிக்கிறானோ?

— எங்கட மதிலடியிலை மெதுவாப் போறான்... போட்டான். மேர்சி அக்காவின்ரை மகன்போலை கிடக்கு.

— உங்கட போன் ஏன் அப்ப துவங்கித் துடிச்சுக் கத்திக்கொண்டிருக்கு?

— ஊர்ச்சங்கக் குறூப்பா இருக்கும். கனடாவிலை இருக்கிறவைக்கு நடுச்சாமத்திலையும் நித்திரை இல்லை. விடும்.

— சத்தத்தை நிப்பாட்டுங்கோ. இஞ்சை பாருங்கோ, திரும்ப ஓடத் துவங்கிட்டுது. அறுபது.

— உண்மையாவோ?

— எழுபத்தெட்டு. வீடியோவிலை அந்த முன்துண்டை வெட்டினது நல்லதாப் போச்சு. கிணத்துக்கட்டும் தெரிஞ்சது, உங்கட இருமலும் கேட்டது. இப்பப் பாத்தா ஆர் எங்கை நிண்டு எடுத்ததெண்டு கடவுளுக்கும் தெரியாது. தொண்ணூறு... தொண்ணூற்றாறு... போட்டுது.

— போட்டுதோ?

— நூறு. கிடைச்சதெண்டு கஜனியின்ரை பக்கத்திலை வந்திட்டுது. அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா. இனி நிம்மதியா ஒரு தேத்தண்ணி குடிப்பம்.

— ஓம்.

— முதல்லை உங்கட போனிலை இருக்கிற வீடியோவை அழியுங்கோ. உதிலை முழுசாக் கிடக்கு.

— அழிச்சும் இனிப் பிரயோசனமில்லை.

— என்னப்பா? ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?

— உது நாலு வீதத்திலை நிக்கேக்கை, சுலோ... போகாது எண்டுதான் நினைச்சனான். இவ்வளவு பயந்து எடுத்தது வீணாப் போயிடுமெண்டு, வசீகரனுக்கு வட்சப்பிலை அனுப்பிப்போட்டன். என்ரை தம்பிதானே. உடனை போச்சு.

— முழு வீடியோவோ?

— ஓம். பத்திரமா வைச்சிரு எண்டுதான் சொன்னனான்.

— போனை எடுங்கோ. அவன் என்ன சொல்லியிருக்கிறான்?

— அவன் எனக்குப் பதில் போடேல்லை. ஊர்ச்சங்கக் குறூப்பிலை போட்டிருக்கிறான். 'எங்கட பரமலிங்கண்ணை தன்ரை கிணத்தடியிலை நிண்டு துணிவா எடுத்தவர், எல்லாருக்கும் அனுப்புங்கோ' எண்டு.

— அதை அழிக்கச் சொல்லுங்கோ. இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ. ஆர் ஆர் பாத்திருக்கினம்?

— கனடா, லண்டன், சுவிஸ்... கீழை எல்லாரும் வாழ்த்துப் போட்டிருக்கினம்.

— ஊரிலை இருக்கிறவை?

— ஒராள்தான் எழுதியிருக்கு. இப்பத்தான்.

— வாசியுங்கோ.

— 'வீட்டிலை நிக்கிறியளோ, அண்ணை.'