மார்ச் மாதக் காரும் ஓகஸ்ட் மாதக் கம்ப்ரசரும்

பெயர்: முகம்மத் அரூஸ். வயது: 27. தொழில்: வாகன ஏ.சி. திருத்துநர். வதிவிடம்: கண்டி வீதி, கடுகண்ணாவை.

நான் மேற்படி முகவரியில் என் உம்மா ஜெஸீமாவுடன் வசிக்கிறேன். வாகனக் குளிரூட்டலில் டிப்ளோமா முடித்து, சொந்தமாக ஏ.சி. கராஜ் நடத்துகிறேன். கம்பளையைச் சேர்ந்த வியாபாரி ஸமீம் ஹாஜியார், தன்னுடைய 1976ஆம் ஆண்டு ஜெர்மன் காரின் அசல் கம்ப்ரசரை நான் கழற்றி வைத்துக்கொண்டு வேறொன்றைப் பூட்டிவிட்டதாக முறைப்பாடு செய்திருக்கிறார். அது பொய்.

கடந்த மாதம் அவர் ஏ.சி. குளிர்வதில்லை என்று காரைக் கொண்டுவந்தார். காஸ் கசிந்திருந்தது. குழாய் மூட்டுகளின் ரப்பர் வளையங்களையும், காஸின் ஈரத்தை உறிஞ்சும் போத்தலையும் மாற்றி, காஸ் நிரப்பிக் கொடுத்தேன். கம்ப்ரசரில் கை வைக்கவில்லை. கழற்றிய பழைய சாமான்களை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். பின்னால் கேள்வி வராமலிருக்க எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் திறந்தும் பார்க்காமல் டிக்கியில் போட்டார்.

அதன் பின்னர் அவர் பேராதனையில் நடந்த பழைய கார்க் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே நடுவராக இருந்தவர், இந்தக் கம்ப்ரசர் இந்தக் காருக்குரியது அல்ல என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஹாஜியார் இரண்டு பொலிஸாருடன் என் கராஜுக்கு வந்தார். சாமான் அடுக்கும் இறாக்கையில் அதே வகைக் காரின் பழைய கம்ப்ரசர் ஒன்று இருந்தது. அது உடைத்த கார் ஒன்றிலிருந்து நான் வாங்கியது. “இந்தா ஈக்கி என்ட சாமான்! கள்ளன்ட கராஜிலயே ஈக்கி!” என்று ரோட்டுக்குக் கேட்கக் கத்தினார். கம்ப்ரசரைப் பொலிஸார் எடுத்துச் சென்றனர். அன்றே வேலைக்கு நின்ற கார்களை உரியவர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேஸ் முடியும்வரை திறக்க வேண்டாம் என்று கட்டடச் சொந்தக்காரர் சொன்னதால் கராஜ் பூட்டிக்கிடக்கிறது.

இனி நான் சொல்வதை ஏற்கனவே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இந்தக் காரைச் செய்த ஜெர்மன் தொழிற்சாலை அந்த ஆண்டு ஜூலை விடுமுறைக்கு மூடி, ஓகஸ்டில் திறந்தபோது ஏ.சி. அமைப்பையே மாற்றியது. ஆகவே ஆண்டு 1976 என்பது மட்டும் போதாது, மாதமும் வேண்டும். முந்தியதில் கம்ப்ரசரைத் தாங்கியில் பூட்ட மூன்று துளைக் காதுகள், மூட்டுகளில் ரப்பர் கிடையாது. பிந்தியதில் நான்கு காதுகள், ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் வளையம். இந்தக் காரின் கதவுத் தூணிலுள்ள தகட்டில் தயாரித்த மாதம் மார்ச் என்று இருக்கிறது. பூட்டியிருப்பதோ பிந்தியது. நடுவர் சொன்னது சரி. அதற்காக நான் கள்ளனாகிவிட முடியாது.

இன்று காலை இந்தப் பொலிஸ் நிலைய முற்றத்தில் சார்ஜன்ட் முன்னிலையில் காரைப் பார்த்தோம். என்னிடம் எடுத்த கம்ப்ரசர் முந்தியது, மூன்று காதுள்ளது; அதைக் காரின் தாங்கியில் சார்ஜன்டே வைத்துப் பார்த்தார். துளைகள் பொருந்தவில்லை. தாங்கியையும் நான் மாற்றினேன் என்றே வைத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கும் ஆசனத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தில், முந்திய காரில் குழாய் போக இரண்டு வட்டத் துளைகள் இருக்கும், பிந்தியதில் ஒரே நீளத் துளை. இந்தக் காரில் நீளத் துளைதான். விளிம்பு தொழிற்சாலையில் அழுத்தியது, பெயின்ட் உடையவில்லை, வெல்டிங் இல்லை. தகரத்தையும் நானா மாற்றினேன்?

அதன் பின்னர், நான் நல்ல சாமான்களைக் கழற்றிவிட்டு மோசமானதைப் போட்டதற்குச் சாட்சி என்று ஹாஜியார் கொண்டுவந்திருந்த சொப்பிங் பேக்கைச் சார்ஜன்ட் கொட்டினார். “இது என்ட கார்ல இருந்து கழட்டினது, இவரே தந்தது” என்று ஹாஜியார் சொன்னார். அந்தப் பழைய போத்தலின் வாயில் ரப்பர் வளையத்துக்குரிய பள்ளம் இருந்தது. அப்படியென்றால் என்னிடம் வரும்போதே கார் பிந்தியதுதான்.

கார் மார்ச் மாதத்துடையதல்ல, தகடு மட்டுமே மார்ச் என்று சொன்னேன். தகட்டைப் பிடித்திருப்பவை தொழிற்சாலை ஆணிகள் அல்ல, கண்டியில் ஹார்ட்வெயார் கடைகளில் விற்கும் ரிவெட்டுகள். சேசி இலக்கம் முன் இடப்பக்கத் தரையிலும் அடிக்கப்பட்டிருக்கும் என்றும், அது தகட்டிலுள்ள இலக்கம்தானா என்று கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

அதுவரை குடையோடு நின்று ஏசிக்கொண்டிருந்த ஹாஜியார், குடையை மடக்கி, முன் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

“கால் வலிக்கிது, கொஞ்சம் உக்காந்து ஈக்கிறேன்.”

சார்ஜன்ட் இறங்கச் சொன்னார். ஹாஜியார் என்னைப் பார்த்து, “மகன், நானும் உங்கட வாப்பாவும் ஒரே பள்ளியில தொழுத ஆக்கள். ஒரு சாமானுக்காக இவ்வளவு வேணுமா? நான் முறைப்பாட்ட வாபஸ் வாங்குறேன், விடுங்க” என்றார்.

“கார்பெட்டத் தூக்கிப் பாத்துட்டு விடுவம் ஹாஜியார்” என்றேன். அவர் கார்பெட்டிலிருந்து காலை எடுக்கவில்லை.

இறக்குமதிக்குத் தடையான காரைத் துண்டுகளாகக் கொண்டுவந்து, இங்கே ஏற்கனவே பதிவான ஓர் உடைந்த காரின் தகட்டையும் இலக்கத்தையும் அதற்குக் கொடுப்பது இந்த நாட்டில் புதிதல்ல. இது அப்படித்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஹாஜியாருக்குத் தெரியுமா, அவருக்கு விற்றவருக்கு மட்டும்தான் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. ஏமாந்த மனிதர் என்றால் கார்பெட்டை அவர்தான் முதலில் தூக்கியிருப்பார்.

வாபஸ் வாங்கியதோடு விடயம் முடிந்தது, கையொப்பமிட்டுப் போகலாம் என்று என்னிடம் சொல்லப்பட்டது. நான் சம்மதிக்கவில்லை. இப்படி முடிந்தால் ஊர் என்னை மன்னித்து விடப்பட்ட கள்ளன் என்றுதான் சொல்லும். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும்வரை கார் இந்த முற்றத்தை விட்டுப் போகக்கூடாது எனக் கேட்டுக்கொள்கிறேன். ஹாஜியார் இன்னும் இறங்கவில்லை. நான் இதைச் சொல்லும்போது ஜன்னலால் தெரிகிறது.

எழுதப்பட்டதை நானே வாசித்தேன். என் வாயால் சொன்னதுதான், உண்மைதான், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்) மு. அரூஸ்