கட்டடத்துக்கு ஆயுசு கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, படைப்பிரிவு அதிகாரிகளே, ஒப்பந்தக்காரர்களே, கொத்தனார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நாம் இன்று நினைவுகூரும் மறைந்த அண்ணனின் துணைவியாரே, மகளே! அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததை அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மதிப்பீட்டுப் பிரிவின் மூத்த அலுவலர் என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஆயுசு அண்ணன்' என்றால் தெரியும்! படைவீரர்களுக்குக் கட்டடம் கட்டும் நம் அலுவலகத்தில் எந்த வரைபடத்தை நீட்டினாலும், "சரி, இதோட ஆயுசு எவ்வளவு? அதுவரைக்கும் இதுக்கு யாரு சோறு போடுறது?" என்று கேட்பாரே, அந்த மனிதர்! வீட்டைக் கட்டிப் பார் என்று ஊர் சொல்லும். இவர், "கட்டின பிறகு பாருங்க" என்பார். இவர் அடுப்பு வாங்கப் போனால் கடைக்காரர் ஒளிந்துகொள்வார் என்று நாங்கள் கேலி செய்வோம். அம்மா சிரிக்கிறார்கள், உண்மைதான் போலிருக்கிறது.

யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு மதிப்பீட்டின் பின்னாலும் ஒரு தாள் இணைப்பார். நாற்பது வருடத்தில் கூரையை எத்தனை முறை செப்பனிட வேண்டும், குழாயை எப்போது மாற்ற வேண்டும், அதற்கெல்லாம் என்ன செலவு என்று அத்தனையும் அதில் இருக்கும். வண்டிக் கொட்டகையின் வாசலை இன்னும் நான்கு அடி அகலமாக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். இன்றைக்கு வந்திருக்கும் பெரிய வண்டிகள் உரசாமல் உள்ளே போகின்றனவே, யாரால்? அவரால்!

அப்படிப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன்?

நூற்றிருபது வீரர்கள் தங்கும் மூன்று மாடி விடுதி. தண்ணீர்க் குழாய்களைச் சுவருக்குள் புதைத்தால் கட்டும் செலவு குறையும். நிதியாண்டு முடிய நான்கே நாள். அவருடைய கோப்புகளை மேலே அனுப்பும் அதிகாரி நான். "அண்ணே, உங்க தாளைப் பாத்தா மேல கேள்வி கேப்பாங்க. ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும்" என்றேன்.

"போகட்டும் சார். ஒரு சொட்டு ஒழுகினாலும் சுவரைத்தானே உடைக்கணும்? அப்போ பசங்க எங்க படுப்பாங்க?" என்றார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் அந்தத் தாளை உருவிவிட்டுக் கோப்பை அனுப்பினேன். ஆமாம், இந்தக் கையால்தான்!

எட்டே வருடத்தில் குழாய்கள் துருப்பிடித்தன. சுவரெல்லாம் உடைத்தோம். இரண்டு மழைக்காலம் வீரர்கள் கூடாரத்தில் நனைந்தார்கள். விசாரணை வந்தது. பின்னால் வரும் செலவை ஏன் கணக்கிடவில்லை என்று கேட்டார்கள். "தாள் வச்சேன்" என்றார் அண்ணன். அத்தாட்சி கேட்டார்கள், இல்லை. என்னைக் கேட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "அப்படி எதுவும் வரவில்லை" என்றேன். தவறு அவருடையது என்று குறிப்பு எழுதினார்கள்.

வெளியே வந்ததும், "கூட இருந்தே கழுத்தை அறுத்துட்டீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் நகலெடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று என்னிடமே கையெழுத்து வாங்கினார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கூசியது. கூசி என்ன பயன்? எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார்.

தலைமைப் பொறியாளர் அவர்களே, இதோ என் வாக்குமூலம். அந்த விசாரணைக் குறிப்பைத் திருத்துங்கள், என் மேல் என்ன நடவடிக்கை என்றாலும் எடுங்கள். இனி அந்தத் தாள் இல்லாத எந்த மதிப்பீடும் இந்த அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கு நான் என்ன உழைக்க வேண்டுமோ உழைக்கிறேன், இது உறுதி!

அம்மா, சற்றுமுன் வாசலில் என்னிடம் கேட்டீர்கள்: "தாளை வச்சேன் வச்சேன்னு கடைசி வரைக்கும் சொன்னார் சார். நான்தான், 'மறந்திருப்பீங்க, விடுங்க'ன்னு அவரை அடக்கிட்டேன். நெஜமாவே வச்சாரா?"

வைத்தார் அம்மா. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சொந்த வீட்டிலேயே அவரை நம்ப ஆளில்லாமல் செய்தவன் நான்.