சிங்காநல்லூர் காது முகாம்

டீ நல்லா இருக்குதுங்க மேடம். போலீஸ் ஸ்டேஷன் டீ ஆறிப்போய்த்தான் வரும்னு நெனச்சிருந்தேன்.

எம்பேரு சுரேந்தர். இருபது வருசம் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிச்சவன். இப்ப சிங்காநல்லூர்ல, ஒரு பேக்கரிக்கு மாடியில, இசைக்கலைஞர் உதவி மையம் நடத்தறனுங்க. கச்சேரிக்கு ஒப்பந்தம் எப்படி எழுதோணும், விசாவுக்கு என்னென்ன கேப்பாங்க, தோள்பட்டை வலிச்சா எந்த டாக்டரைப் பாக்கோணும், எல்லாம் சொல்லிக்குடுப்போம். வாசிக்கறவங்களுக்கு வாசிக்க மட்டுந்தானுங்க தெரியும். மத்ததுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நானா இருக்கறதுல எனக்கு அத்தனை சந்தோசம்.

லோகப்பிரியா வெள்ளகோவில் புள்ளைங்க. அப்பா தறி ஓட்டறாரு. வயலின்ல அந்தப்புள்ள கை வெச்சா, கல்யாண மண்டபத்துல சாப்புடறவங்க கூட எலையை உட்டுட்டு நிமுந்து பாப்பாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் மையத்துக்கு வந்து சும்மா ஒத்தாசை பண்ணும். ஃபோனை எடுத்து, "ஏனுங்க, சொல்லுங்க"ன்னு அது கேட்டாலே பாதிப்பேருக்குப் பிரச்சனை தீந்துபோகும்.

நாலு வருசத்துக்கு முந்தி ஜெர்மனியில ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆள் கேட்டிருந்தாங்க. லோகாவுக்கு விண்ணப்பம் தயார் பண்ணுனது நாந்தான். ஒம்பது தடவை திருத்தி எழுதுனமுங்க. அத்தனை நல்லா எழுதுனதுல வேலை கெடச்சே போச்சு. கேக் வாங்கி எல்லாருக்கும் குடுத்தேன். கடைசித் துண்டைத் திங்கறப்பத்தான், இனி ஃபோனை யாரு எடுப்பாங்கன்னு தோணுச்சு.

ஜெர்மனிக்காரங்க பாக்கி கேட்டிருந்தது மருத்துவச் சான்று ஒண்ணுதானுங்க, காது டெஸ்ட்டோட. நாங்க வருசா வருசம் காது முகாம் போடுவோம். ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நிக்கறவங்களுக்குக் காது போறது அவங்களுக்கே தெரியாது பாருங்க. அன்னிக்கு முப்பத்தொரு பேரு பாத்துக்கிட்டாங்க. ரிப்போர்ட்டெல்லாம் பேர் ஸ்டிக்கரோட எங்கைக்கு வந்துச்சு. அதுல கொடுமுடி காளிச்சாமியண்ணனோடதும் இருந்துச்சு. முப்பது வருசமா ட்ரம்ஸ் வாசிக்கறவரு. காது எத்தனை கேக்குதுன்னு ரிப்போர்ட்டுல கோடாப் போட்டிருப்பாங்க; அவரோட இடது காதுக் கோடு பாதிக்கு மேல கெணத்துப்படியாட்ட எறங்கியிருந்துச்சு. லோகாவோடது மேசை விளிம்பாட்ட நேரா.

ரெண்டு பேரு பேருலயும் புது ஸ்டிக்கர் அடிச்சு, அவரோடதுல லோகா பேரையும் லோகாவோடதுல அவரு பேரையும் பழசுக்கு மேலயே மாத்தி ஒட்டிப்போட்டேன். அஞ்சு நிமிசம் கூட ஆகலீங்க.

லோகா ரிப்போர்ட்டை ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்பறம், இடது காதுங்களாண்ணான்னு கேட்டுச்சு. ஆமாங்கண்ணு, வயலினை ஒட்டி இருக்கற காது, இப்ப நிறுத்துனா மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்னு சொன்னேன். வேற ஆஸ்பத்திரியில ஒருக்கா பாக்கலாமான்னு கேட்டுச்சு. பாக்கலாம், ஆனா வெளிய தெரிஞ்சா ஒரு ட்ரூப்பும் கூப்பிடாதுன்னேன். அது உண்மைதானுங்களே. ஜெர்மனிக்கு வருத்தக் கடிதத்தையும் நானே எழுதிக் குடுத்தேன். வயலினைப் பொட்டியில வெச்சு, அடுத்த வாரத்துல இருந்து மையத்துக்கு தினமும் வர ஆரம்பிச்சுருச்சு.

அது ஒரு நல்ல காலமுங்க. நாப்பது பேரா இருந்த மையம் அறநூறு பேரா ஆச்சு. மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம், சிரிப்பு கீழ பேக்கரி வரைக்கும் கேக்கும். ஒரு நாள் கதிர்னு ஒரு தம்பி அந்த மூலையில உக்காந்து வயலினுக்கு சுருதி சேத்துட்டு இருந்தாப்புல. லோகா ஃபாரத்துல இருந்து தலையைத் தூக்காமயே, "ரெண்டாவது தந்தி சித்தெ எறங்கியிருக்குதுங்க"ன்னுச்சு. சொல்லிப்போட்டு அதே தெகச்சு என்னையப் பாத்துச்சு. "பழக்கம் கண்ணு, கையப் பாத்தே தெரிஞ்சுரும்"னேன். செரிங்கண்ணான்னு சிரிச்சுட்டு மறுபடி எழுதப் போயிருச்சு. நல்ல கொணமுங்க.

காளிச்சாமியண்ணனைக் கேக்கறீங்களா? அவருக்கும் சந்தோசந்தான். காதுல வெக்கற பஞ்சு அடைப்பை நான் எல்லாருக்கும் குடுக்கறப்ப, "எனக்கெதுக்குங்க தம்பி, கொழந்தை காதாட்ட இருக்குதுன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்குதே"ன்னு அவரோடதைத் திருப்பிக் குடுத்தாரு, அடுத்தடுத்த முகாமுக்கும் வரலை. வாங்கி டிராயர்ல வெச்சுக்கிட்டேன். மூணு வருசத்துல ரெண்டு காதும் போயிருச்சு. மக வர்ஷினி பேசறது கேக்காம இப்ப வாயைப் பாத்துத்தான் பதில் சொல்றாரு. நாங்க அப்படியே உட்டறலீங்க. மையத்து மூலமா காது மிஷின் வாங்கிக் குடுத்தோம். லோகாதான் ஃபாரம் நெரப்புச்சு.

இந்த வருச முகாமுக்கு ஆமினா பீவின்னு காது டெஸ்ட் பண்ற புது மேடம் வந்திருந்தாங்க. மிஷின் சரியா ஓடுதான்னு பாக்க, நாலு வருசமா டெஸ்ட்டுக்கே உக்காராம கிட்ட நின்னு பேர் எழுதிட்டு இருந்த லோகாவை உக்கார வெச்சாங்க. கோடு நேரா வந்துச்சு. எனக்கு இடது காது போயிருச்சுங்களேன்னு லோகா சொல்லுச்சு. போன காது திரும்பி வராதேன்னு சொல்லி, பழைய ரிப்போர்ட்டைக் கேட்டாங்க. ஃபைலெல்லாம் லோகா பொறுப்புல, தேதிவாரியா இருந்துச்சு. அந்தம்மா ஸ்டிக்கரை நகத்தால கீறுனாங்க. அடியில காளிச்சாமின்னு இருந்துச்சு. லோகா தானாவே போய் அவரோட ஃபைலையும் எடுத்துட்டு வந்துருச்சு.

எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"ஏனுங்கண்ணா?"

"நீ போயிட்டா இத்தனை பேருக்கு யாரு கண்ணு இருக்கறா?"

செருப்பைப் போட்டுட்டுப் படி எறங்கிப் போயிருச்சு.

ஆமாங்க, நாந்தான் பண்ணுனேன். யாரும் தூண்டலை, தெரிஞ்சேதான் பண்ணுனேன்னு எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்.

ஆனா அந்தப்புள்ள குடுத்த புகாரைச் சித்தெ பாருங்க மேடம். எந்தத் தேதியில என்ன நடந்துச்சு, எதுக்கு எது ஆதாரம், சாட்சி யாரு, ஒரு வார்த்தை கூடுதலா இருக்குதுங்களா? மையத்துக்கு வந்தப்ப அதுக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியாதுங்க. படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கலை. நான் அதுக்குக் கெடுதல் நெனச்சிருந்தா, இந்தளவுக்கு வந்திருக்குமாங்க?