வலது விலாவுக்குக் கீழே

ராத்திரி பதினொன்று இருக்கும். ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிற ரோடு. ரெண்டு பக்கமும் வாழை. ஒரு பைக் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது... ஓட்டி வந்தவன் பெயர் அனஸ். மேலப்பாளையத்துக்காரன். இந்தக் கதையை எனக்குச் சொன்ன காஜா முகைதீனுக்கு மச்சான் முறை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன்.

அந்த நேரத்தில் அவனுக்கு அங்கே என்ன வேலை? அதைச் சொல்ல, முதலில் அவன் கை பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் வலது விலா முடிகிற இடத்துக்குக் கீழே கையை வையுங்கள். அழுத்த வேண்டாம், சும்மா. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறதா? உள்ளே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசை விரிந்து கிடக்கிறது. உதரவிதானம். அது கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும்.

இப்போது இதயத்துக்கு வருவோம். சிலருக்கு அது தாளம் தப்பித் துடிக்கும். தொடை இடுக்கில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் ஏற்றுவார்கள். நுனியில் சுருங்கிய பலூன். நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேருகிற வாயில் அதை விரித்து அடைத்து, உள்ளே குளிர் வாயு விடுவார்கள். ஐஸெல்லாம் அதற்கு முன்னால் வெந்நீர். வாயைச் சுற்றிச் சதை உறையும். அங்கே கிளம்புகிற தப்புத் தாளம் அந்த உறைந்த வேலியைத் தாண்டாது. அருமையான வேலை!

ஒரே ஒரு ஆபத்து. உதரவிதானத்தை ஆட்டுகிற நரம்பு, வலது பக்கத்தில் அந்த வாயை ஒட்டியே ஓடுகிறது. குளிர் அதையும் பிடித்துவிடலாம். அதனால் உறைய வைக்கும்போது அந்த நரம்பை லேசான மின்சாரத்தால் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு சீண்டலுக்கும் வயிறு, விக்கல் எடுத்த மாதிரி, ஒரு உதை உதைக்கும். நீங்கள் கை வைத்திருக்கிற அதே இடத்தில் ஒருத்தர் கை வைத்திருப்பார். உதை தளர்ந்தால் கத்த வேண்டும். குளிரை உடனே நிறுத்துவார்கள்.

அன்றைக்கு அந்தக் கை அனஸுடையது. படுத்திருந்தவர் தளவாய், ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழை போடுகிறவர்.

உதை... உதை... உதை. எக்ஸ்ரே படாமல் போட்டிருந்த ஈய அங்கிக்குள் போன் அதிர்ந்தது. கத்தார் வேலைக்கான பதில். அனஸ் கையை எடுத்தான். எட்டிப் பார்த்தான்.

"உதைக்கா?" டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"உதைக்கு சார்."

பழகிய வாய்... சொல்லிவிட்டது. கை திரும்பிப் போனபோது அங்கே ஒன்றுமில்லை. பிசைந்த மாவு மாதிரிக் கிடந்தது.

"சார், நின்னுட்டு!"

பிந்திவிட்டது. "சிலருக்கு இப்படி ஆகும், மெதுவாச் சரியாயிரும்" என்றார் டாக்டர். அனஸ் போனை அங்கிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகிற அன்று தளவாய் அவன் கையைப் பிடித்துச் சிரித்தார். "அரை மயக்கத்துல ஒண்ணும் தெரியல வே, உம்ம கை மட்டுந்தான் தெரிஞ்சுது. வெதுவெதுன்னு. நடுவுல எங்கன போனீரு?"

அடுத்த மாதம் ஆற்றில் குளிக்க இறங்கினார். நெஞ்சளவுத் தண்ணீர் வயிற்றை உள்ளே தள்ளும். நல்ல உதரவிதானம் எதிர்த்துத் தள்ளும். பாதி செத்தது என்ன செய்யும்? மூச்சு முட்டியிருக்கிறது. படித்துறைக்கு அவ்வளவு பக்கத்தில்... ஆள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம், உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அனஸ் அந்த வீட்டுக்குப் போனான். தளவாயின் சம்சாரம் ஆறுமுகத்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"உங்க கையத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாவ தம்பி. எல்லாம் என் தப்பு. மூச்சு வாங்குத மனுசன ஒத்தையில ஆத்துக்கு விட்டுட்டேனே... நான் கூடப் போயிருக்கணும்."

சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காப்பியைக் குடித்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்துவிட்டான்.

அப்படி வரும்போதுதான் பைக்கின் பின்பக்கம் 'கிறீச்' என்று அமுங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஆற்றுப் பாசி வாடை... அதற்குள்ளே ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை. பின்னாலிருந்து ஒரு உள்ளங்கை பையச் சுற்றி வந்து, அவன் வலது விலாவுக்குக் கீழே படிந்தது. ஈரம். உறைய வைக்கிற குளிர்.

இன்ஜின் நின்றது. தார் ரோட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். அந்தக் கைக்குக் கீழே அவன் வயிறு தானாக உதைத்தது. உதை... உதை... உதை.

அப்புறம் அதுவும் நின்றது.

காதுக்குப் பின்னால் ஒரு குரல். "உதைக்கா?"

வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆறுமுகத்தாய் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அனஸ் சொன்னான்...

"உதைக்கு."

கை விலகியது.

மறுநாள் எக்ஸ்ரேயில் வலது பக்க உதரவிதானம் மேலேறிச் செயலற்றுக் கிடந்தது. காரணம் எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. கத்தார் வேலைக்கான மெடிக்கல் டெஸ்டில் அவனைத் தள்ளிவிட்டார்கள். ஆறுமுகத்தாய் இன்னமும் தன் தப்பு என்றுதான் அழுகிறாள். அவன் இன்னமும் போய்ச் சொல்லவில்லை.

மல்லாந்து படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்து, வலது விலாவுக்குக் கீழே தன் கையையே அழுத்திக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்குகிறான். அவன் வீட்டுக்காரி நஸீமா ராத்திரி எழுந்து பார்ப்பாளாம். தூக்கத்தில் அவன் கை நழுவி மடியில் கிடக்குமாம்.

சட்டை மட்டும் அந்த இடத்தில் அழுந்தியே இருக்குமாம்... அஞ்சு விரல் அகலத்துக்கு. ஈரமாக.