நாத்தனார் மேஜையைச் சுற்றுகிறாள்

டேப்ப விட்டுடுங்க சார்... விட்டுடுங்கன்னு சொல்றேன்ல! கவ்விட்டா அது விடாது. போகட்டும், ஒரு அளவு டேப்புதானே. கால மட்டும் மேல இழுத்துக்குங்க. என்ன மாதிரி சம்மணம் போட்டு உக்காருங்க, மேஜை ரெண்டு பேரையும் தாங்கும். வாங்கறதுக்கு முன்னாடி இப்படி ஏறி உக்காந்து பாக்க எந்தக் கடைல விடுவாங்க, சொல்லுங்க?

எல்லாம் எங்க வீட்டு மனுஷனால. சாயங்காலம் போட்டின்னா மத்தியானம் ஒரு ஆளு கொஞ்ச நேரம் படுக்க மாட்டாரா? சாப்பிட்ட தட்டக் கழுவினாரா, அதுவும் இல்ல. ரிமோட்ட கழுத்துல மாட்டிக்கிட்டு கீழ பார்க்கிங்குக்கு ஓடிட்டாரு. பழகறாராம்! மேஜை பாக்க ஆள் வராங்கன்னு காலைலயே சொன்னேன் சார். ‘ம்’னாரு. அவரு ‘ம்’ சொன்னா காதுல விழலைன்னு அர்த்தம்.

என்ன போட்டியா? அய்யய்யோ, அதுவே தெரியாமதான் மேல தாவி ஏறினீங்களா? சண்டை ரோபோ சார். வீட்ல செஞ்ச ரோபோ. இந்தக் கட்டடத்துல இருக்கறவங்களுக்கு வேற வேலை இல்ல. ஒண்ண ஒண்ணு முட்டி, கவுத்து, வெட்டி... கடைசில எது நகருதோ அது ஜெயிச்சது. பல் டாக்டர் ஒண்ணு கொண்டு வந்தாரு, மொத சுத்துலயே அதுக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. ஸ்கூல் வேன் டிரைவரோடது நேரா போயி கேட்டுக்கு வெளிய நின்னுச்சு, பழக்கதோஷம். இப்ப மிச்சம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது. ராட்சசன்னு பேரு. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, இரும்பா போட்டு அடுக்கியிருக்காரு. இன்னொண்ணு... இதோ மேஜைக்குக் கீழ சுத்தறாளே, இவதான். என்னோடது. நாத்தனார்னு பேரு வெச்சிருக்கேன். காரணமே இல்லாம வந்து இடிப்பா, அதான்.

சிரிக்காதீங்க சார், மேஜை ஆடுது.

நான் எதுக்கு இதுல எறங்கினேன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன். எங்க ரெண்டு பேர்ல ஜெயிக்கறவங்களுக்கு இந்த ரூம். ஆமா, நாம உக்காந்திருக்கற இதே ரூம்தான். மேஜைய வித்துட்டு, யாரு ஜெயிக்கறாங்களோ அவங்க இத பட்டறையா வெச்சுக்கறதுன்னு பேச்சு. என் தையல் மிஷின் எங்க இருக்கு தெரியுமா? குளியலறை வாசல்ல, வாஷிங் மிஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல. தைச்சுக் குடுக்கற ஜாக்கெட்ல எல்லாம் ஒரு கை ஈரமாத்தான் போகும். வாடிக்கைக்காரங்க இஸ்திரி போட்டதுல ஈரம்னு நெனச்சுக்கறாங்க, பாவம். இங்க பாருங்க, என்ன ஒரு ஜன்னல்! என்ன வெளிச்சம்! கண்ணாடி போடாமயே ஊசில நூல் கோக்கலாம். இவரு இந்த வெளிச்சத்துல என்ன பண்ணப் போறாரு? கிரீஸ் டப்பாவ அடுக்கப் போறாரு.

சக்கரத்த பாருங்க, ஆபீஸ் நாற்காலி சக்கரம். அடித்தட்டு கேக் சுடற ட்ரே, ரெண்டு சேத்து முறுக்கியிருக்கேன். பிளேடு புல்லு வெட்டற மிஷினோடது. மோட்டார் வந்து... அது இவரோட டிரில்லிங் மிஷின்ல இருந்தது. அத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துட்டாருன்னு இவரு அவரோட பேச்சையே நிறுத்திட்டாரு. நானும் கூடச் சேந்து தேடினேன் சார். கட்டிலுக்கு அடியில எல்லாம் டார்ச் அடிச்சுத் தேடினேன்.

அந்தச் சுவத்துல செவப்பா இருக்கேன்னு பாக்கறீங்களா? பயப்படாதீங்க, தர்பூசணி. சோதனை பண்ணிப் பாக்கணும்ல? தலையணைல ஆரம்பிச்சேன், பஞ்சு ஃபேன் மேல வரைக்கும் போச்சு. அப்பறம் பழம். அப்பறம் இவரோட பழைய ஹெல்மெட்டு. பழசுன்னு நான்தான் நெனச்சேன்.

ஐயோ, இப்ப மேஜைக் கால பிடிச்சுட்டா. சத்தம் கேக்குதா, கர்ர்ருன்னு? கேக்கட்டும். வேற மரமா இருந்தா இந்நேரம் ரெண்டா போயிருக்கும். பாத்து எடுத்துக்குங்க சார், இந்த மாதிரி மரம் இப்ப கிடைக்கறதில்ல. கால்ல சின்ன கீறல் இருக்கும், அத நான் பாலிஷ் போட்டுத் தரேன்.

ஸ்விட்சா? இருக்கே. வயித்துக்கு அடியில இருக்கு. எதிரி தட்டி அணைச்சுடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் அடியில வெச்சேன். புத்திசாலித்தனம்னு நெனச்சுதான் பண்ணினேன். என் ரிமோட்டும் இதோ மடியிலயே இருக்கு. அமுக்கறேன் பாருங்க... ம்ஹூம். கேக்க மாட்டேங்கறா.

வீட்டுக்காரர கூப்பிடவா? சே சே, எதுக்கு அவர தொந்தரவு பண்ணிக்கிட்டு. பாவம், பழகறாரு. பேட்டரி தீந்தா தானா நிக்கப் போகுது. நேத்துதான்... முழுசா சார்ஜ் போட்டேன்.

இல்ல சார், கண்டபடி ஓடல. கவனிச்சுப் பாருங்க, ஒரு ஒழுங்கு தெரியும். இடது, இடது, அப்பறம் பின்னாடி... இப்ப ஒரே இடி! பாத்தீங்களா? அவரு எப்பவும் அப்படித்தான். ரெண்டு இடது திரும்பி, பின்னாடி வந்து, அப்பறம்தான் இடிப்பாரு. வலது பக்கம் திரும்பவே வராது அவருக்கு. ஒரு மாசமா தினம் கட்டில் மேல உக்காந்து பாக்கறேன்ல, எனக்குத் தெரியாதா...

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

சரி, சொல்றேன். ஒரு ரிமோட்டோட எத்தன ரோபோவ வேணா ஜோடி சேக்கலாம். அது ஒரு பட்டன்தான். அவரு குளிக்கப் போயிருந்தப்ப இவள அவரு ரிமோட்டோட ஜோடி சேத்துட்டேன். அவரு கீழ ராட்சசன ஓட்டறப்ப, மேல இவளும் அதே மாதிரி ஓடுவா. அவரு வித்தை எல்லாம் எனக்கு வீட்டுக்கே வந்துரும். திருட்டுத்தனம் இல்ல சார், அவரு ஓட்டறாரு, நான் பாக்கறேன். தினமும் பிளேட கழட்டி வெச்சுட்டுதான் பாப்பேன். இன்னிக்கு போட்டியாச்சேன்னு பிளேட மாட்டிட்டேன். திருப்பி என் ரிமோட்டுக்கு மாத்தணும்னு உக்காந்தேன், நீங்க பெல் அடிச்சீங்க. யார் மேல தப்பு சொல்ல?

இப்ப அவர கூப்பிட்டா என்ன ஆகும்? ஏன் இவ நான் ஓட்டறபடி ஓடறான்னு கேப்பாரு. போட்டி போச்சு, ரூம் போச்சு, ஜன்னல் போச்சு. நான் மறுபடி வாஷிங் மிஷினுக்குப் பக்கத்துல.

ஆ! நின்னுட்டா. நின்னுட்டா சார்! சொன்னேன்ல? எறங்குங்க, மெதுவா... இருங்க, இருங்க. எறங்காதீங்க. காது குடுத்துக் கேளுங்க. படில யாரோ வராங்க.

அவருதான். தண்ணி குடிக்க வராரு. கழுத்துல ரிமோட் தொங்குமே! அவருக்குத் தொந்தி வேற, ஒவ்வொரு படி ஏறறப்பவும் அது பட்டன்ல இடிக்கும்... பாருங்க, இவ துள்ளறத. ஒரு படி, ஒரு துள்ளல். வாசலப் பாத்துத் திரும்பிட்டா. கதவ நீங்க சாத்தலையா சார்? செருப்ப வெளிய கழட்டிட்டு வெறுங்காலோட வருவாரே இந்த மனுஷன்...

என்னங்க! ஏங்க! அங்கயே நில்லுங்க! ஒரு படி மேல ஏறாதீங்க! கழுத்துல இருக்கறத மெதுவா கழட்டி கீழ வைங்க... சொன்னா செய்யுங்களேன்! ஏனா? ஏன்னா... ஏன்னா...

நீங்க சொல்லுங்க சார். இவ்வளவு நேரமா கேள்வியா கேட்டீங்கல்ல, இப்ப பதில் சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.