சங்கத்து மாடுகள்

ஓடுகிறோம். தேயிலைக்குள் குனிந்து ஓடுகிறோம். பின்னால் தகரம் வெடிக்கிறது. பட். படபட. எங்கள் வரிசை வீடுகளில் கீழ் லயத்தின் கூரை அது.

"மேல ஏறுங்க! ரோட்டுப் பக்கம் போகாதீங்க!"

எங்கள் சங்கத் தலைவர் முத்துவேல் அண்ணனின் குரல்.

ஐம்பத்தெட்டாம் வருடத்துக் கலவரம், இலங்கை மலைநாடு. வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டம். மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். லாரியில் வந்தவர்கள் யாரென்று தெரியாது. நெருப்பு மட்டும் தெரிந்தது.

எல்லோரும் மேலே ஏறினார்கள். நான் மாட்டுப்பட்டிக்குத் திரும்பி ஓடினேன்.

"வள்ளி! மாட்ட விட்டுட்டு வா! உசிரப் பாரு!" என் புருஷன் கத்துகிறார்.

"அது நம்ம மாடு இல்லங்க! சங்கத்து மாடு!"

இதைச் சொல்லியாக வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடமே, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். பிறகு, குடியுரிமை வேண்டுமென்றால் மனுப்போடு என்றார்கள். மனுவுக்கு விசாரணை. விசாரணைக்கு வக்கீல், ரயில் கூலி. மற்றவர்களுக்கு முதலில் நாடு, பிறகு கஜானா. எங்களுக்குத் தலைகீழ். கஜானா இருந்தால்தான் நாடு. அந்தக் கஜானாவுக்கு நான் பொறுப்பு.

மாதச் சம்பளம் தோட்டத்துக் கடனிலேயே கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்துக்கு மட்டும் அன்றைக்கே கைக்காசு. அதில் வீட்டுக்கு இவ்வளவு என்று எடுத்தோம். முதல் தடவை சேர்ந்ததைச் சுருட்டிக்கொண்டு ஒருவன் இந்தியாவுக்குக் கம்பி நீட்டினான். நாசமாய்ப் போகட்டும். அப்புறம் பெண்கள் கூடிப் பேசினோம். காசு வேண்டாம், மாடு வாங்குவோம். மாட்டை மடியில் முடிந்துகொண்டு எவன் ஓடுவான்? வளர்க்கிற வீட்டுக்குப் பாதிப் பால். மீதிப் பாலும் கன்றும் சங்கத்துக்கு. கடைவீதியில் காதர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் பால் ஊற்றினோம். ஐந்து மாடு ஆயிற்று. அடுத்த மாதம் நுவரெலியாவில் விசாரணை. மாடு போனால் மனுவும் போச்சு.

செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கயிற்றை அறுக்கிறேன். நான்கு மாடு பாய்ந்து போகின்றன. செவலை நகரவில்லை. நிறைசினை. புகைக்கு மிரண்டு மூலையில் நிற்கிறது. முத்துவேல் அண்ணன் உள்ளே வருகிறார்.

"நீ போம்மா! நான் இழுத்துட்டு வாரேன்!"

என்னை வெளியே தள்ளினார். மானாப்புல் கூரை. பற்றியதும் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்று. பிறகு சத்தமே இல்லை.

மறுநாள் காலை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எங்களை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார். சாம்பல் இன்னும் சுடுகிறது. அவருக்குத் தேயிலைதான் கவலை. நான்கு மாட்டையும் பிடித்துக் கட்டியிருந்தார்.

"யாரு மாடு இது? செடியெல்லாம் மிதிச்சிருக்கு! சொந்தக்காரங்களுக்கு இன்னைக்கே பத்துச்சீட்டு!"

சங்கத்து மாடு என்றால் பறிமுதல். என் மாடு என்றால் எனக்குப் பத்துச்சீட்டு, வேலை போகும். போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் ராக்கு முந்திக்கொண்டாள்.

"முன்னங்காலு எனக்குங்க."

"பின்னங்காலு எனக்கு." இன்னொருத்தி.

"வாலு எனக்குங்க! தொரைகிட்டச் சொல்லுங்க!"

சாவு விழுந்த மறுநாள் அந்தக் களத்தில் நின்றுகொண்டு சிரித்தோம். அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை. கொழுந்து முற்றுகிற பருவம். அத்தனை பேரையும் நிறுத்தினால் யார் எடுப்பது? கண்டாக்கு கயிற்றை எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கையும் காதர் நானா வாங்கினார். அந்த நேரத்தில் பாதி விலைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் காசில் அடுத்த மாதம் விசாரணைக்குப் போனோம். நானுஓயா வரை ரயில். பிறகு பஸ். விசாரணை அறை. பெயர் பெயராகக் கூப்பிடுகிறார்கள்.

"முத்துவேல்!"

யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"வர இருந்தவருதாங்க! மாட்டுப்பட்டியில எரிச்சுட்டாங்க!"

வக்கீல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மனுதாரர் வரவில்லை, தள்ளுபடி என்று எழுதினார்கள்.

போனதைச் சொல்கிறேன். கேட்பவர்கள் மறக்க வேண்டாம். கீழ் லயத்தில் எட்டுக் குடும்பத்து எட்டுக் காம்பரா. செவலை. அதன் வயிற்றில் இருந்த கன்று. முத்துவேல் அண்ணன்.

அவர் வரவில்லை என்று எழுதியது பொய். வரவிடாமல் எரித்தார்கள்.