நான்கு உருண்டைகளும் ஒரு கிளாஸ் டீயும்

மதியச் சாப்பாட்டுக்கு நான் வெளியே போவதில்லை, மாமா. உங்கள் பெண் கட்டிக் கொடுப்பதைப் பட்டறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். அதனால்தான் வெள்ளிக்கிழமை மதியம் பல் டாக்டரின் காரும் நானும் மட்டும் தனியாக இருக்க நேர்ந்தது. இதில் திட்டம் எதுவும் இல்லை.

அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது என்பது நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். சக்கரத்துக்கு ஓர் இரும்பு உருண்டை. உள்ளே பாதி எண்ணெய், பாதி நைட்ரஜன், நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. எண்ணெயை பம்ப் தள்ளும், குலுக்கலை கேஸ் வாங்கிக் கொள்ளும். கேஸ் போய்விட்டால் கார் கட்டைவண்டிதான்.

சகலை அன்று காலை நான்கு உருண்டைகளிலும் கேஸ் ஏற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் சாக்பீஸால் 'சரி' என்று எழுதினார். நல்ல வேலை. குறை சொல்ல மாட்டேன்.

"அண்ணே, வண்டியக் கொஞ்சம் பாத்துக்கோங்க, சாப்பிட்டு வந்துடறேன்" என்றார்.

பார்த்துக் கொண்டேன்.

முதலில் ஒரே ஓர் உருண்டையின் திருகைத்தான் தளர்த்தினேன். சத்தம் வராமல் துணியைச் சுற்றிக் கொண்டேன். பிறகு ஒரு பக்கம் மட்டும் இறுகிப் போனால் கார் கோணலாக ஓடுமே, பல் டாக்டருக்கு ஆபத்தாயிற்றே என்று மனசு கேட்கவில்லை. ஆகவே மற்ற மூன்றையும் திறந்துவிட்டேன். காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன்தான். காற்றுடையதைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். 'சரி' என்ற எழுத்தை நான் தொடவில்லை. அடுத்தவர் எழுதியதை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

சகலை திரும்பி வந்தபோது எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அதையும் சாப்பிட்டேன். பசி வேறு, இது வேறு.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பட்டறையின் பரீட்சை என்ன? டேஷ்போர்டில் ததும்பத் ததும்ப ஒரு கிளாஸ் டீ, தெருமுனை வேகத்தடை. சிந்தினால் வேலை சரியில்லை. யார் வண்டியில் சிந்தவில்லையோ அந்த மாப்பிள்ளைக்குத்தான் பட்டறைச் சாவி என்றீர்கள். போன வாரம் நான் வேலை பார்த்த வண்டியில் இரண்டே சொட்டு சிந்தியது. பன்னிரண்டு வருஷ உழைப்பு இரண்டு சொட்டில் போவது நியாயமா? நேற்று வந்த மனுஷர் ஒரு சொட்டும் சிந்தாமல் ஓட்டிவிட்டால் என் முகத்தை நான் எங்கே கொண்டு வைப்பது? எனக்கு வயிறு எரியவில்லை. கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

மீதியை நீங்களே அனுபவித்தீர்கள். சகலை ஓட்டினார், பக்கத்தில் நீங்கள், பின்னால் பல் டாக்டர். வேகத்தடையில் கார் தவளை மாதிரி எம்பிக் குதித்தது. டீ முழுவதும் உங்கள் வெள்ளைச் சட்டையில். பல் டாக்டர் தன் நாக்கைத் தானே கடித்துக் கொண்டார். அவருடைய பற்கள் எவ்வளவு உறுதி என்று தெருவே தெரிந்து கொண்டது. நான் ஓடி வந்து உங்களைத் துடைத்துவிட்டேன். அதையும் கணக்கில் வையுங்கள்.

நியாயமாகப் பார்த்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சகலை கையைக் கட்டிக் கொண்டு, "என் தப்புதான் மாமா. இன்னொரு தடவ பாத்திருக்கணும்" என்றார். நீங்கள் சட்டையைப் பிழிந்து கொண்டே, "டீ போனா போவுது மாப்ளே. தப்ப ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்? சாவி உங்களுக்குத்தான்" என்றீர்கள்.

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. உங்கள் பெண் மனசாட்சி உறுத்துகிறது என்கிறாள். இல்லை மாமா, அநியாயம் உறுத்துகிறது. சகலை ஒத்துக் கொண்டது செய்யாத தப்பை. அது சுத்தப் பொய். நான் ஒத்துக் கொள்வது என் கையால் செய்த தப்பை, அதுவும் நான்கு உருண்டை. உங்கள் அளவுகோல்படி சாவி யாருக்கு வர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஒரு தப்பு போதாது என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். பன்னிரண்டு வருஷமாக இங்கேதானே இருக்கிறேன், இன்னும் நிறைய செய்திருக்கிறேன்.